உயிர்த்தோழிகளும் ஓர் இராக்கம்மாவும்

நமுனுகுலத் தோட்டத்தில் கலாராணிக்கு நான்கு உயிர்த்தோழிகள். திருவிழாவுக்கு ஒரே நிறத்தில் சேலை எடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் 'உயிர்த்தோழிகள்' என்று குழு வேறு; விடிந்தால் ரோஜாப்பூ, இருட்டினால் இதயம். இந்த நட்பைப் பார்த்து ஊரே கண் வைக்கிறது என்று கலாராணிக்குக் கொஞ்சம் பெருமை.

பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து பறிக்கக் கங்காணி விட்டிருந்தது இராக்கம்மாவை. இரண்டு நிரைக்கும் நடுவில் நின்ற ஒரு தேயிலைச் செடியை யார் பறிப்பது என்ற சண்டையில், இருவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சில்லை. செடி தோட்டத்துக்காரனுடையது என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

போன மாதம் மலையில் குளவிக்கூடு கலைந்தது. உயிர்த்தோழிகள் ஆளுக்கொரு உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், தோழியைத்தான் மறந்துவிட்டார்கள். மழைத்தண்ணீர் வடியும் கானுக்குள் தடுக்கி விழுந்த கலாராணியின் மேல், சேலை நனையாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போர்த்தி, அதன்மேல் தானும் விழுந்து படுத்தவள் இராக்கம்மா. குளவிகளுக்கு அவளே போதுமானதாக இருந்தாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். கலாராணிக்குக் காலில் மட்டும்தான் கொட்டு. இராக்கம்மாவின் முகமோ, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாதபடி வீங்கிக் கிடந்தது.

சாயங்காலம் தோழிகள் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்தார்கள். கலாராணி காய்ச்சலில் தலையோடு போர்த்திக் கிடந்தாள். வீங்கிய முகம்தான் தங்கள் கலா என்று முடிவுகட்டி, இராக்கம்மாவின் கையைப் பிடித்து அழுதார்கள். உனக்காக உயிரையே கொடுப்போமே என்றார்கள். அந்தச் சண்டைக்காரி இராக்கம்மாதான் கூட்டைக் கலைத்திருப்பாள் என்றும் ஒருத்தி கண்டுபிடித்தாள். பிறகு நால்வரும் குனிந்து ஒரு செல்பி எடுத்துக்கொண்டு, பஸ் போய்விடும் என்று கிளம்பினார்கள்.

கலாராணியின் போனில் படம் வந்து விழுந்தது. 'எங்க கலா சீக்கிரம் எழும்பணும்.' கீழே நான்கு இதயம். நடுவில் இராக்கம்மா. கலாராணிக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது.

நொண்டிக்கொண்டு எழுந்து போய், ஹோர்லிக்ஸைக் கரைத்து, இராக்கம்மாவின் வாயில் கரண்டியால் ஊட்டினாள்.

"அக்கா, அந்தச் செடி உங்க நெரைதாங்க."

இராக்கம்மா ஒரு வாய் விழுங்கினாள்.

"பொய் சொல்லாத. அது ஒன் நெரைதான். எனக்கு மொத நாளே தெரியும். பேசாம சீனியப் போடு."