அக்கா பேசும் ஒயர்

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் அடுக்களைக்குள் பாய்ந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. கேஸ் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. சிலிண்டரை மூடிவிட்டுக் கத்தினாள்.

"எந்த சுவிட்சையும் தொடாதீங்க. குழந்தையத் தூக்கிட்டு வெளிய ஓடுங்க."

அடுக்களை வாசலில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையைக் கணவன் அள்ளினான். ஓடினான். தெருவில் நின்று மூச்சு வாங்கும்போது அவனது ஒரு கையில் குழந்தை இருந்தது. இன்னொரு கையில் லேப்டாப் பை.

எதிர்வீட்டுத் தையல்காரி கேட்டாள். "சார், டீச்சர் எங்க?"

டீச்சர் என்றால் அவனுடைய அக்கா. அடுக்களையை ஒட்டிய அறையில், அடுப்பு தெரியும்படி போட்ட கட்டிலில் கிடந்தாள். லேப்டாப் ஞாபகம் வந்தவனுக்கு உடன்பிறந்தவள் ஞாபகம் வரவில்லை. தையல்காரி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவனுக்கு முன்னால் உள்ளே ஓடினாள். அவளும் அவன் மனைவியுமாகத்தான் டீச்சரைத் தூக்கி வந்தார்கள்.

ஜன்னல், கதவு எல்லாம் திறந்து வைத்து, நாற்றம் அடங்கிய பிறகு எல்லோரும் வீட்டுக்குள் வந்து டீச்சரைக் கட்டிலில் கிடத்தினார்கள். வந்ததும் அவன் ஆரம்பித்தான்.

"ஏன்க்கா, பக்கத்துலயே படுத்திருக்கே. மூக்கு வேலை செய்யுதில்ல? ஒரு பட்டனை அமுக்கிச் சொல்ல முடியாதா உன்னால?"

அக்கா விளையாட்டு டீச்சராக இருந்தவள். மைதானத்தின் இந்தக் கோடியில் அதட்டினால் அந்தக் கோடியில் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். பக்கவாதம் குரலை மொத்தமாகக் கொண்டுபோனது. மிச்சம் விட்டது வலது ஆள்காட்டி விரலை மட்டும். விரலுக்கடியில் ஒரு பட்டன். அதை அமுக்கி அமுக்கி எழுத்துக் கூட்டினால், கட்டிலோரத்து டேப்லெட் அவளுக்காகப் பேசும்.

டேப்லெட்டுக்கு இருப்பதோ ஒரே ஒரு ஓட்டை. அதில் நாலு ஓட்டை உள்ள ஒரு ஹப்பைச் செருகியிருந்தார்கள். சார்ஜர், பட்டன், ஸ்பீக்கர். நாலாவது சும்மா இருக்க வேண்டியது. டேப்லெட்டின் சொந்த ஸ்பீக்கர் என்றோ செத்துவிட்டது.

மனைவி குனிந்து பார்த்தாள். பிசுக்கேறிய ஹப்பில் பிஸ்கெட் தூள் அப்பியிருந்தது. ஸ்பீக்கர் ஒயர் கட்டிலுக்கடியில் ஒட்டடையோடு கிடந்தது. அதன் இடத்தில் குட்டி மின்விசிறி ஒன்று, யாருமில்லாத சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. நாலாவதில் இயர்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் டப்பா. சார்ஜரில் வந்த கரண்டையெல்லாம் இவை உறிஞ்ச, டேப்லெட் பட்டினியில் அணைந்து கிடந்தது. அக்காவின் கடைவாய் எச்சில் தலையணையை நனைத்துக் காய்ந்திருந்தது. காலையிலிருந்து யாரும் துடைக்கவில்லை.

"ஃபேன் யாருது?" என்றான்.

"என்னுதுதான். இங்க உக்காந்து காய்கறி நறுக்கும்போது வச்சேன். அந்த ஓட்டை காலியாத்தான் இருந்துச்சு."

"காலியா இருந்துச்சாம். கதை விடாதே."

"டப்பா உங்களுதுதானே? பாலைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுத்தானே மாடிக்குத் துணி எடுக்கப் போனேன்?"

"மீட்டிங்ல இருந்தேன். காதுல மாட்டியிருந்தேன், கேக்கல. அந்த டப்பா எவ்வளவு இழுத்துடப் போவுது?"

"தேன் எடுத்தவங்க எல்லாருமே புறங்கையைத்தான் நக்கினேன்னு சொல்வாங்க," என்றாள் தையல்காரி.

அவன் காதில் விழாததுபோல் குரலை உயர்த்தினான். கேட்க ஆள் இருந்தால் அவனுக்கு நாக்கு நீளும்.

"ஒண்ணு தெரிஞ்சுக்க. முடியாதவங்க பொருள்ல கை வைக்கிறதும் அவங்க குரல்வளையை நெரிக்கிறதும் ஒண்ணுதான். அவங்க பேச்சு நமக்கு இடைஞ்சல்னு நினைச்சா, ஒருநாள் நம்ம உயிரைக் காப்பாத்தவும் குரல் இருக்காது. படிச்சவதானே நீ? வெக்கமா இல்ல?"

மனைவி விசிறியையும் டப்பாவையும் பிடுங்கி எறிந்தாள். ஹப்பைத் துடைத்து ஸ்பீக்கரைச் செருகினாள். அக்காவின் வாயைத் துடைத்துவிட்டாள். சற்று நேரத்தில் டேப்லெட் கண் விழித்தது. அணைவதற்கு முன் எழுதியிருந்தவை திரையில் அப்படியே நின்றன. அக்கா பட்டனை அமுக்கினாள்.

"தம்பி, பால் பொங்கிடுச்சு," என்றது இயந்திரக் குரல். "அடுப்பு அணைஞ்சிடுச்சு. கேஸ் வருது. குழந்தை அங்க தவழ்ந்து போறான். தம்பி. தம்பி. யாராவது வாங்க."

மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டு விம்மினாள். "பாத்தியா?" என்றான் அவன் அவளிடம். "உன் ஃபேனால வந்த வினை."

அக்காவின் விரல் மறுபடி அசைந்தது. எழுத்தெழுத்தாக, அவசரமில்லாமல். அவனைத் தவிர எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான். தையல்காரி வழியை அடைத்து நின்றாள்.

குரல் வந்தது.

"ஃபேன் அப்புறம்தான் வந்துச்சு. காலையில மீட்டிங் ஆரம்பிக்கும்போது, என் சத்தம் தாங்கலன்னு ஸ்பீக்கரைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியில எறிஞ்சது நீதான்டா தம்பி."