ஆளில்லாத வாசல்

அக்கா அதைக் கண்டுபிடித்துப் பத்தொன்பது நாளாகியிருந்தது. ஊரார் உடம்பையெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவள், அதிசயமாய்த் தனக்கும் ஒரு சட்டை தைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். அளவு நாடாவை நெஞ்சைச் சுற்றிப் பிடித்தபோது இடது பக்கம் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. சின்னச் சட்டைப் பொத்தான் அளவு. வலியில்லை. அதற்கு உண்டான சொல்லை மனசுக்குள் சொல்லிப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. 'அது' என்றே வைத்துக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து இரண்டு தடவை நேரம் வாங்கினாள். இரண்டு தடவையும் அவசரத் தையல் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்துவிட்டாள். அப்போதுதான் தங்கை வந்து நின்றாள்.

"அக்கா, வியாழக்கிழமை என்கூட வர்றியா? நம்ம ஆஸ்பத்திரிக்குப் புதுசா முன்வாசல் கட்டியிருக்காங்க, அதைப் படம் எடுக்கணும். ஸ்டாண்டு, பெட்டி, கம்ப்யூட்டர், எல்லாத்தையும் ஒருத்தியா தூக்கினா என் இடுப்பு போயிடும்."

"உனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கா?"

"ஒல்லியா இருந்தா பொறாமைப்படாதே. வருவியா, மாட்டியா?"

தங்கையோடு போனால் வாசல்வரைக்கும் கால் தானாகப் போய்விடும். அதற்கப்புறம் நாலு எட்டுதானே? அக்கா அன்றைக்கே போன் செய்து வியாழக்கிழமை காலைக்கு நேரம் வாங்கினாள். டாக்டர் பன்னிரண்டரை வரைக்கும் இருப்பார், அதற்குள் எப்போது வந்தாலும் பார்ப்பார் என்றார்கள்.

வாசலைப் பார்த்ததும் அக்கா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"படி எங்கேடி?"

"கிடையாது. அதான் விசேஷம்."

தெருவிலிருந்து கதவுவரைக்கும் தரை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே போனது. ஏறுகிறோம் என்றே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால்தான் தெரு கீழே இருந்தது. சில துணிகளில் தையல் எங்கே இருக்கிறதென்று தேடினாலும் கிடைக்காது. அப்படித் தைக்கிறவர்கள் குறைவு. இதைக் கட்டியவர் அந்த ரகம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். கூரையைத் தாராளமாக முன்னால் இழுத்துவிட்டிருந்தார்கள். மழையில் வண்டியை விட்டு இறங்குகிறவர் தலையில் ஒரு சொட்டு விழாது.

"ஆஸ்பத்திரி முதலாளி ஒரு நிபந்தனை போட்டிருக்கார்" என்றாள் தங்கை. "நோயாளி முகம் ஒண்ணுகூடப் படத்தில விழக்கூடாது. ஆனா வாசலை ஒரு நிமிஷம்கூட அடைக்கக் கூடாது."

"இவ்வளவு ஜனம் வருதே, என்ன பண்ணுவே?"

"கேமராவை ஒரே இடத்தில நிறுத்தி, நிமிஷத்துக்கு ஒரு படம் தானா எடுக்க விட்டுடுவேன். ஒரு மணி நேரம் ஓடட்டும். அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினா, நடுவில வந்து போனவங்க அத்தனை பேரும் மறைஞ்சிடுவாங்க. வெறும் வாசல்தான் நிக்கும்."

"நான் குறுக்கே போனா?"

"தாராளமா போ. உன்னையும் அழிச்சிடறேன்."

"பொறந்ததிலேர்ந்து உனக்கு அதுதானே ஆசை."

தங்கை சிரித்துக்கொண்டே கேமராவை ஓடவிட்டாள். இன்னொரு கேமராவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் தோட்டத்துக்குக் கிளம்பினாள்.

"நான் உள்ளே போயிட்டு வரேன்" என்றாள் அக்கா.

"எதுக்கு?"

"எதுக்குப் போவாங்க? பாத்ரூமுக்கு."

"மெதுவா வா. நான் வர ஒரு மணி நேரமாகும்."

அக்கா நேராகக் கதவை நோக்கி நடந்தாள். அவள் நெருங்குவதற்குள் கண்ணாடிக் கதவு விலகி வழிவிட்டது. தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். அவள்தான் உள்ளே போகவில்லை. கதவை ஒட்டி வெளியே ஒரு நீளப் பெஞ்சு கிடந்தது. ஒரே ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தாள். கேமராவுக்கு நேர் எதிரே இருக்கிறோம் என்று தெரியும். அதனாலென்ன, அழிந்துபோகிற படம்தானே?

பெஞ்சு ஒரு பாதி தாழ்வாகவும் மறு பாதி உயரமாகவும் இருந்தது. ஏன் இந்தக் கோணல் என்று முதலில் விளங்கவில்லை. முழங்கால் மடங்காத ஒரு பெரியவர் வந்து உயரமான பக்கம் சாய்ந்தாற்போல் உட்கார்ந்து, கைப்பிடியை ஊன்றிச் சுலபமாக எழுந்து போனபோது விளங்கியது. தரையில் பளபளப்பே இல்லை. ஈரமாக இருக்குமோ என்று யாரும் தயங்கித் தயங்கிக் கால் வைக்கவில்லை. சக்கர நாற்காலியில் வந்த ஒருத்தி உள்ளே வரவேற்பு மேஜையருகே போனாள். மேஜையின் ஒரு பக்கம் அவளுக்கென்றே தணிந்திருந்தது. இந்தப் பக்கத்துப் பெண்ணும் அந்தப் பக்கத்துப் பெண்ணும் முகத்துக்கு முகம் பேசினார்கள். யாரும் யாரையும் அண்ணாந்து பார்க்கவில்லை.

யாரோ ஒரு மகராசன் பயந்தவர்களை எல்லாம் கண்ணால் பார்த்துவிட்டுக் கட்டியிருக்கிறான் என்று தோன்றியது. இவ்வளவு தூரம் எனக்காக மெனக்கெட்டிருக்கிறான், நான் எழுந்து போனால் என்ன? எழுந்திருக்கத்தான் முடியவில்லை. இடது கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜைப் பெண் ஒருமுறை வெளியே வந்தாள். "உள்ளே வரீங்களாம்மா?"

"இல்லம்மா. தங்கச்சி படம் எடுக்கிறா, அவகூட வந்தேன்."

"அப்போ நிம்மதியா உக்காருங்க. தாகமா இருந்தா அந்த மூலையில தண்ணி இருக்கு." அதற்குமேல் துருவவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெண்ணை அக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவளிடம் பொய் சொன்னதுதான் உறுத்தியது.

தங்கை திரும்பி வந்தபோது உள்ளே சுவர்க்கடிகாரத்தில் மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கேமராவை நிறுத்தி, அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து, கம்ப்யூட்டரை மடியில் வைத்துப் படங்களை அடுக்கவிட்டாள். முதலில் திரையில் ஒரே புகைமூட்டம். பிறகு ஒவ்வொருவராகக் கரைந்தார்கள். முழங்கால் பெரியவர் கரைந்தார். சக்கர நாற்காலி கரைந்தது. தரையும் கூரையும் கண்ணாடியும் துடைத்து வைத்ததுபோல் தெளிந்தன. அவ்வளவு அழகான வாசல்.

பெஞ்சில் மட்டும் ஒருத்தி மிச்சமிருந்தாள். சட்டைத் தையல்கூடத் தெரிகிற அளவுக்குத் துல்லியமாக.

"என்னடி இது? என்னை அழிச்சிடறேன்னு சொன்னே!"

"நகர்றவங்கதான் அழிவாங்க! பிசின் போட்டு ஒட்டின மாதிரி உக்காந்திருந்தா எப்படி அழிக்கிறது? முதலாளி இப்ப வந்து கேப்பாரே, நான் என்ன சொல்லுவேன்?" தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். சட்டென்று நிமிர்ந்தாள். "இரு. பாத்ரூமுக்குப் போறேன்னுதானே சொன்னே?"

"போயிட்டுத்தான் வந்தேன்."

"எப்போ?" தங்கை படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எல்லாவற்றிலும் அக்கா. எல்லாவற்றிலும் அதே முகம், கதவைப் பார்த்தபடி. தள்ளத் தள்ளத் தங்கையின் கை மெதுவானது. "ஒரு படத்திலகூட நீ எழுந்திருக்கலியே. உள்ளே யாரு இருக்கா, அக்கா? யாரைப் பார்க்க வந்தே?"

"யாரையும் இல்ல. வேலையைக் கவனி."

"மறுபடியும் எடுத்துக்கலாம், அது ஒண்ணும் பெரிசில்ல" என்றாள் தங்கை. குரலில் கோபம் போயிருந்தது. "நீ எழுந்து கேமராவுக்குப் பின்னால வந்து உக்காரு. வா."

அக்கா எழுந்தாள். கேமராவுக்குப் பின்னால் போனால் தெரு. தெருவில் வண்டி. வண்டியில் ஏறினால் வீடு. வீட்டில் தையல் மிஷின், மறுபடியும் அவசர வேலை. எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டரைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"நான் அந்தப் பக்கம் வரல. உள்ளே போறேன்."

"அக்கா, என்னைப் பாரு. எதுக்குப் போறே?"

பாத்ரூம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா அதை விழுங்கினாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மார்பில ஒரு கட்டி இருக்குடி."