பணிவு: ஐந்துக்கு ஐந்து

மணியனுக்கு நாற்பத்தேழு வயதில் கராத்தே ஞானம் பிறந்தது. அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு கராத்தே பள்ளியில் சேர்ந்து நாலே மாதம். சனிக்கிழமை மஞ்சள் பெல்ட் டெஸ்ட். முடிவு தெரியும் முன்பே, திங்கட்கிழமை டோனட் உண்டு என்று ஆபீஸ் டீமுக்குச் சொல்லிவிட்டார் மனுஷர்.

டெஸ்டுக்கு முன் ஒரு படிவம். உதைக்கும் குத்துக்கும் மாஸ்டர் மார்க் போட்டுக்கொள்வார். பணிவு, பொறுமை போன்றவற்றுக்கு வீட்டில் ஒருவர் மார்க் போட்டுக் கையெழுத்திட வேண்டும். வருஷா வருஷம் தன் அப்ரைசலைத் தானே எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? எல்லாவற்றுக்கும் மணியனே ஐந்துக்கு ஐந்து போட்டார். பணிவுக்கு எதிரே, 'இதில் டீமுக்கே நான்தான் முன்னுதாரணம்' என்று ஒரு வரி வேறு. கீழே அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி மனைவி வசந்தாமணியிடம் நீட்டினார்.

"இங்க சைன் பண்ணு."

மணியன் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். பார்க்கிங்கில் தன் காரை இடித்தவனுக்கே 'ங்க' போட்டுப் பேசுவார். மனைவிக்கு மட்டும் அது கிடையாது. வீட்டுப் பத்திரம் முதல் கிரீன் கார்டு வரை, அம்பு காட்டிய இடத்தில் அவளும் கையெழுத்துப் போட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறாள்.

"படிச்சுட்டுப் போடறனுங்க."

"இதுல படிக்கறதுக்கு என்ன இருக்குது?"

"படிச்சாத்தான தெரியுமுங்க."

சனிக்கிழமை அதைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். மணியன் உதைத்தார், குத்தினார், மூச்சு வாங்கினார். அப்படியொன்றும் மோசமில்லை. கடைசியில் மாஸ்டர் கவரைப் பிரித்தார். ஐந்துகள் எல்லாம் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. அடியில் வசந்தாமணி இங்கிலீஷில் எழுதியதை அவர் எல்லோர் முன்னாலும் வாசித்தார்.

"'பதினெட்டு வருஷத்தில் நான் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் முதல் பேப்பர் இது.' இது உண்மையா, மணியன்?"

அந்தப் பள்ளியில் மாஸ்டருக்குச் சொல்ல ஒரே பதில்தான் உண்டு. நாலு மாதமாகப் பழகிய வாய், யோசிக்கக்கூட விடவில்லை.

"எஸ் சார்!" கூரை அதிர்ந்தது.

பெல்ட் கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார் மாஸ்டர். டோனட்டை நினைத்தபோது மணியனுக்கு அழுகையே வந்தது.

திரும்பும்போது வசந்தாமணிதான் கார் ஓட்டினாள். சிக்னலில் நின்றதும் சொன்னாள்: "அந்த வீட்டுப் பத்திரத்தையும் எடுத்து வையுங்க. படிக்கோணும்."

"சரிங்க" என்றார் மணியன். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.