பாண்டான் பச்சை

ஜலாலுதீன் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கை மடியில் கிடத்தி ஈர உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவரைப் போல இடது கையை அதன் அடியில் கொடுத்திருந்தார். பெட்ரோலை வடித்து, டாங்கை நன்றாகக் காயவிட்ட பிறகுதான் மாடிக்கே கொண்டுவந்தார். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு கரைந்து வாளித் தண்ணீரில் இறங்கியது. சிங்கப்பூரின் செம்பவாங்கில் அவர்களுடையது நான்காம் மாடிக் கடைக்கோடி வீடு. அதைத் தாண்டி காரிடாரில் யாரும் நடக்கப்போவதில்லை என்கிற சௌகரியம் ஒன்றுதான் அவருக்கு வாய்த்த பட்டறை. மீதி வண்டி கீழே கார்பார்க்கில் ஒரு பழைய போர்வைக்குள் நின்றது.

போன வருஷம் தேக்கா சந்தையிலிருந்து ஆட்டுக்கறியும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு இருவரும் வரும்போது, மழையில் ஒரு வளைவில் வண்டி வழுக்கியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் இருந்த மனைவி ஃபஸீலாவுக்கு மணிக்கட்டு உடைந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் மனம் சேரவில்லை. ரோட்டில் கிடந்தபோது அவள் முகத்துக்கு நேரே இருந்தது அந்தச் சிவப்பு டாங்க்தான். "அந்தச் செவப்பப் பாத்தாலே எனக்குக் கை குளுருது மச்சான்" என்று ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி அவள் பேசவில்லை, ஏறவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்குப் பஸ்ஸில் போனாள்.

அவரும் விடவில்லை. அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியில் போனார். மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் கடைசி ஸீட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள். சிக்னலில் பஸ் நின்றால் குனிந்து பார்ப்பாள், இவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிக் காட்டுவார். கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்துப் பெண்டாட்டி பின்னால் சுற்றும் ஆள் சிங்கப்பூரிலேயே நீ ஒருத்தன்தான் என்று கறிக்கடை அஹமது கபீர் கேலி செய்தார். சிரித்துக்கொண்டாலும் ஜலாலுதீனுக்கு வலித்தது. பின்னால் ஆள் இல்லாத வண்டி காற்றில் லேசாக ஆடியது. அவள் மறுபடி அதில் ஏறுவாளா என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை இருக்கவில்லை. சிவப்புதான் பிரச்சினை என்றால் சிவப்பை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டார். பட்டறைக்காரன் சொன்ன விலைக்கு ஒரு ஸலாம் போட்டுவிட்டு, ஸ்ப்ரே டின்களோடு வீடு வந்து சேர்ந்தார்.

எந்த நிறம் என்று மட்டும் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாளோ என்று பயம். அவளுடைய செருப்பு, குடை, ஜன்னல் திரை எல்லாவற்றையும் ஒரு வாரம் திருடனைப் போல நோட்டம் விட்டதில் பச்சை என்று தெரிந்தது. கடையில் இருந்ததோ ஒரே ஒரு பச்சை.

மூங்கில் கழியின் ஒரு முனையைச் சுவர் விளிம்பிலும் மறுமுனையைச் செருப்பு அலமாரியிலும் வைத்து, கம்பியில் டாங்கைத் தொங்கவிட்டார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடித்தார். பச்சை, புகை மாதிரி வந்து மெல்ல மெல்லப் படிந்தது. கடைசிக் கோட் அடித்து முடித்தபோது சாயங்கால வானம் முழுவதும் வளைந்து அந்தச் சின்ன வயிற்றுக்குள் கிடந்தது. தான் அடித்ததுதானா இது என்று அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

ஃபஸீலா கம்பிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். "என்ன மச்சான் இது, பாண்டான் எல போட்ட கேக் கலர்ல?"

"புடிக்கலையா?"

"ஓட்டப்போறது நீங்க. எனக்கென்ன?"

உள்ளே போய்விட்டாள். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து டாங்கின் மேல் கறுப்பாக எதுவோ வந்து உட்கார்ந்தது. பூச்சி என்று நினைத்து ஊதினார், அது ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் காற்றெல்லாம் சாம்பல். கீழே புல்வெளியில், இரண்டாம் மாடி லிம் அங்கிள் தகரப் பீப்பாயில் காகிதம் எரித்துக்கொண்டிருந்தார். சீனர்களுக்கு ஏழாம் மாதம். இறந்தவர்கள் வந்து போகிற மாதம், அவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று தெருவெல்லாம் காகிதப் பணம் எரிகிற மாதம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஜலாலுதீனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மனுஷர் வெயிலைப் பார்த்தாரே தவிர மாதத்தைப் பார்க்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

"அங்கிள்! பெயிண்ட் லா! பெயிண்ட்!" என்று கத்தினார். கீழே கேட்கவில்லை. மறுபடி வாயைத் திறப்பதற்குள் ஃபஸீலா வெளியே ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"சத்தம் போடாதீங்க மச்சான். ஆன்ட்டி மவுத்தாகி இதான் மொத ஏழாம் மாசம்."

இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். லிம் அங்கிள் காகிதச் சட்டையைப் போட்டார், காகிதக் கைப்பையைப் போட்டார். பிறகு இரண்டு கையாலும் பெரிய காகிதக் கார் ஒன்றைத் தூக்கினார். வெள்ளைக் கார். முன் ஸீட்டில் தொப்பி போட்ட ஒரு காகித டிரைவர்.

"ஆன்ட்டிக்கு ஓட்டத் தெரியாது. அதான் டிரைவரும் வச்சு அனுப்புறாரு" என்றாள் ஃபஸீலா.

"அங்கிளுக்குத்தான் லைசென்ஸ் இருக்கே."

"இருக்கு. அவரு ஓட்டிக்கிட்டுப் போக முடியாதுல்ல?"

கார் உடனே எரியவில்லை. கொஞ்ச நேரம் நெருப்பின் மேல் அப்படியே நின்றது, கிளம்பத் தயாராக இருப்பது போல. பிறகு கூரை உள்வாங்கி, எல்லாம் ஒன்றாக எழுந்து நாலாம் மாடிக்கு வந்தது. டாங்கின் பச்சையில் மூன்று நான்கு துணுக்குகள் சத்தமில்லாமல் இறங்கின. அவர் நகத்தால் எடுக்கப் போனார்.

"தொடாதீங்க. காயட்டும். நாளைக்கு லேசா தேச்சு இன்னொரு கோட் அடிச்சிக்கலாம்."

அடிச்சிக்கலாம் என்றாள். எனக்கென்ன என்றவள் இவள்தானா என்று அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகளைக் கொண்டுவந்தாள். மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. மூங்கில் கழி பாதி காரிடாரை அடைத்திருந்ததால் பக்கத்தில் பக்கத்தில் போட இடமில்லை. ஒன்றை முன்னாலும் ஒன்றை அதன் பின்னாலும் போட்டாள். அவர் முன்னால் உட்கார்ந்தார்.

காற்று திரும்பியது. சாம்பல் இப்போது எதிரே இருந்து வந்தது. சுவரை ஒட்டி, முகத்தைத் தொட்டும் தொடாமலும், காதோரமாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் சாம்பல் நின்றுவிட்டு காரிடார்தான் ஓடத் தொடங்கியது. பக்கத்து வீட்டுச் செருப்புகள், பூந்தொட்டிகள், மங்கலாக எரியத் தொடங்கிய விளக்குகள் எல்லாம் பின்னால் நகர்ந்தன. முதுகில் ஃபஸீலாவின் மூச்சு பட்டது. அவள் முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டது கேட்டது.

"மெதுவாப் போங்க மச்சான்" என்றாள்.

அவர் திரும்பவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, முழங்காலின் மேல் இறுகியிருந்த வலது கையைக் கொஞ்சம் தளர்த்தினார்.