மூக்குச் சக்கரம் எழுந்த விதம்

மலாக்காவில், பத்து பெரண்டாம் என்ற ஊரின் விமானத் திடலோரம் இருந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்குள் நுழைந்ததும் கமலவேணி விமானத்தின் அடிவயிற்றைக் கையால் தடவிப் பார்த்தாள். மரச் சட்டத்தின்மேல் இழுத்துப் போர்த்திய துணி மேளத்தோல்போல முறுக்காக இருந்தது. அதில் இருந்த தையல் அத்தனையும் அவள் போட்டது. மரத்தையும் இரும்பையும் சேர்த்தவர் அவள் கணவர் கணேசமூர்த்தி.

கணேசமூர்த்தி ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் சிங்கப்பூர் விமானத் தளத்தில் பிட்டராக இருந்தவர். அவர் கை பட்டுப் பறந்த விமானங்கள் எத்தனையோ. அவரை ஏற்றிக்கொண்டு பறந்தது ஒன்றுமில்லை. மலாக்காவில் லாரிப் பட்டறைக்கு வந்த பிறகும் அந்த ஏக்கம் அவரை விடவில்லை. அங்கே விமானம் ஓட்டும் சங்கத்துக்காரர்களின் இயந்திரங்களை ஞாயிறுதோறும் பழுது பார்த்துக் கொடுத்தார். அவர்கள் அவருக்கு விமானம் ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள். மற்ற நாட்களில் இந்த விமானத்தைக் கட்டினார்.

கட்டி முடித்துத் திடலில் ஓட்டிப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. மூக்குக்குக் கீழே இருந்த ஒற்றைச் சக்கரம் வேகம் பிடித்ததும் கிடுகிடுவென்று தலையாட்டியது. அப்படியே பறக்கப் போனால் இறங்கும்போது சக்கரம் ஒடிந்து மூக்குக் குப்புற விழும்.

திடலைப் பார்த்துக்கொள்ளும் துரை கெட்டவர் அல்ல. ஆனால் அது அவசரகாலம்; காட்டில் கம்யூனிஸ்டுகளோடு பட்டாளம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. “மூர்த்தி, இந்தக் கொட்டகையைப் பட்டாளம் கேட்கிறது. ஓடக்கூடிய விமானம் நிற்கிறது என்றால் நான் மறுக்கலாம். ஓடாத பொருளுக்காக மறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். கொட்டகை போனால் விமானத்தைப் பிரிக்க வேண்டும். பிரித்ததை வைக்க அவர்கள் வாடகை வீட்டில் இடம் கிடையாது. விறகாகத்தான் போகும்.

இன்றைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை.

சக்கரத்தின் அச்சைப் பிடித்திருக்கும் புஷ் வளையம் தேய்ந்துபோயிருந்தது; அதற்குப் பதிலாகப் புதியதைக் கணேசமூர்த்தி பட்டறையில் கடைந்து வைத்திருந்தார். மூக்கை ஒரு சாண் உயர்த்தி, சக்கரத்தைக் கழற்றி மாட்ட வேண்டியதுதான் பாக்கி. உயர்த்துவதுதான் பெரிய பாடு. சங்கிலி கட்டித் தூக்கக் கொட்டகை உத்திரம் தாங்காது. ஜாக்கி வைக்க அடியில் உறுதியான இடம் ஒன்றே ஒன்று. அங்கே ஜாக்கி நின்றால் சக்கரம் வெளியே வராது. வாலில் மணல் மூட்டை ஏற்றினால் மூக்குத் தானாக எழும். ஆனால் வாசலில் துப்பாக்கியோடு நின்ற மலாய்க் காவலர் கையை விரித்துவிட்டார்.

“ஓராங் போலே. குனி தா போலே.” ஆள் வரலாம், கோணி மூட்டை வரக்கூடாது. காட்டுக்காரர்களுக்கு அரிசி போய்விடும் என்ற பயத்தில் எந்த மூட்டையும் எந்த வேலியையும் தாண்ட முடியாத காலம் அது.

“அப்போ ஆளையே கூட்டிட்டு வரேன்” என்றாள் கமலவேணி. அவள் பிறந்த ரப்பர் தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பினாள். அவளுடைய தாய்மாமன் பெரியதம்பி, தோட்டத்துத் துரையிடம் பாஸ் வாங்கிக்கொண்டு நல்லமுத்து, ராமையா, வீரப்பன் என்ற மூன்று பேரோடு தோட்டத்து லாரியில் வந்து இறங்கினார். சாயங்காலம் தோட்டத்துக் கம்பி வேலியின் கேட்டைப் பூட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது கட்டளை.

“இதுதானா அக்கா உங்க ஆகாசக் கப்பல்?” என்றான் நல்லமுத்து. தோட்டத்தில் அவன் வாய்க்கு எல்லாரும் பயப்படுவார்கள். “எங்க லயத்து வீட்டுக் கோழிக்கூடு இதவிடப் பெருசு.”

“கோழிக்கூட்டுல ஏறி நீ பறந்து காட்டுடா” என்றார் பெரியதம்பி. “மாப்ளே, என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

கணேசமூர்த்தி சொன்னார். மூட்டையைப்போல ஆளை வாலில் ஏற்ற முடியாது, கால் பட்டால் துணி கிழிந்துவிடும்; மூக்கைத்தான் தூக்க வேண்டும். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்தாயிற்று. மூக்கிலுள்ள காற்றாடியை யாரும் தொடக்கூடாது. இயந்திரத்தைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு அடியில், பழந்துணி சுற்றிய ஒரு கழியைக் குறுக்கே கொடுத்திருந்தார். அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் இரண்டு பேர் கழியைத் தோளில் வாங்கி எழுந்தால் மூக்கு எழும். எழுந்ததும், சக்கரம் நடுவே உருவி வரும்படி கால் அகற்றிச் செய்த மரத்தாங்கியை அவர் அடியில் தள்ளுவார்.

“இவ்ளோதானா?” என்றான் நல்லமுத்து. “சொல்லுங்கண்ணே.”

“தூக்கு!” என்றார் கணேசமூர்த்தி.

அந்த வார்த்தை அவர்கள் உடம்பில் ஊறின வார்த்தை. விழுந்த மரத்தை ரோட்டிலிருந்து புரட்டவும், பள்ளத்தில் இறங்கிய லாரியைக் கிளப்பவும் கேட்டுப் பழகியது. நல்லமுத்து “ஏலேசா!” என்று குரல் கொடுக்க, நாலு தோளும் ஒரே வெட்டாக வெட்டி எழுந்தன. அவன் பக்கம் முந்திக்கொண்டது. கழி சட்டத்திலிருந்து நழுவி அடித்துணியைக் கிழித்தது. மூக்கு டம்மென்று தரையில் விழுந்து குதித்தது. அடியில் கையை நீட்டியிருந்த கணேசமூர்த்தி சட்டென்று பின்னால் சாய்ந்தார். முழங்கைத் தோல் சிராய்த்ததோடு போயிற்று.

நல்லமுத்துவின் முகம் சுண்டிப்போயிருந்தது.

கணேசமூர்த்தி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “போதும் மாமா. இன்னும் ஒரு முழம் உள்ள இருந்திருந்தா என் தலை. அடுத்த தடவ வேற யார் கையாவது போவும். ஒரு மெஷினுக்காக யாருக்கும் ஒண்ணும் ஆவ வேணாம். தொரை வரட்டும். பிரிச்சுடுறேன்னு சொல்லிடுறேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கமலவேணியை உலுக்கியது. கோபம் இருந்தால் இறங்கிவிடும். இது முடிவு.

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, விமானத்துக்கு அடியில் உட்கார்ந்து கிழிசலைத் தைக்க ஆரம்பித்தாள்.

“பிரிக்கப் போறத எதுக்குத் தைக்கிற?” என்றார் கணேசமூர்த்தி.

“பிரிக்கிறது உங்க பேச்சு. தைக்கிறது என் வேல.”

தைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். நான்கு ஆண்களும் குற்றம் செய்தவர்கள்போல ஒதுங்கி நின்றார்கள். இவர்களா முரடர்கள்? சித்திரைத் திருவிழாவில் மாரியம்மன் பல்லக்கைத் தோளில் வாங்குகிறவர்களும் இதே நாலு பேர்தான். அம்மன் முன்னால் எரிகிற அகல் விளக்கு எழும்போது அசைந்ததாக அவள் பார்த்ததில்லை. அதுவும் கனம், இதுவும் கனம். அங்கே மட்டும் எப்படி?

ஊசி நின்றது. அங்கே யாரும் “தூக்கு” என்று சொல்வதில்லை. பெரியதம்பி மாமா மெதுவாக, “எழுந்தருளு தாயே” என்பார். அந்தச் சொல்லைக் கேட்டதும் முழங்கால் நிதானமாக நிமிரும். மூச்சு ஒன்றாகும்.

அவள் நூலை அறுத்துவிட்டு வெளியே வந்தாள். “மாமா, இன்னொரு தடவ வாங்குங்க. ஆனா தூக்காதீங்க. நம்ம ஆத்தாவ எழுந்தருள வைப்பீங்கல்ல, அப்படி.”

பெரியதம்பி திடுக்கிட்டார். “என்னாம்மா பேசுற? அது சாமிக்குச் சொல்ற வார்த்த. இரும்புக்கும் துணிக்கும் சொன்னா ஆத்தா சும்மா இருப்பாளா?”

“மெஷினக் கூப்பிடச் சொல்லல மாமா. ஆத்தாவத்தான் கூப்பிடச் சொல்றேன். அடியில படுத்திருக்கப் போறது ஒங்க மாப்ள. நாளைக்கு இதுல ஏறப் போறதும் அவருதான். ஒரு உசுர பத்திரமா வைக்கிறதுக்கு அவளக் கூப்பிட்டா அவ ஏன் கோவிச்சுக்குவா?”

பெரியதம்பி தரையைப் பார்த்தபடி நின்றார். நல்லமுத்து முதல் தடவையாக வாயைத் திறக்காமல் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு பெரியதம்பி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். செருப்பைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே வைத்தார். மற்ற மூவரும் சொல்லாமலே அப்படிச் செய்தார்கள்.

“பல்லக்கு நிக்கிற எடத்துல முட்டுக்குடுக்கிறமாதிரி இதுக்கும் கவட்டைக் கம்பு வேணும்” என்றார் பெரியதம்பி. ராமையா வேலியோரத்துக் கொய்யா மரத்தில் இரண்டு கவட்டைகள் வெட்டிக்கொண்டு வந்தான். எழுந்த கழியை அதன்மேல் இருத்திவிட்டால் தோள் நழுவினாலும் மூக்கு விழாது. கணேசமூர்த்தி அதைப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்துவிட்டு, மரத்தாங்கியை எடுத்துக்கொண்டு மறுபடி மண்டியிட்டார்.

வாசலில் நின்ற காவலர் ஆர்வம் தாங்காமல் கொட்டகை ஓரம்வரை வந்திருந்தார். ஒரு பக்கக் கவட்டையைப் பிடிக்க ஆள் குறைவதைப் பார்த்தார். துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே வந்து பிடித்தார். மறுபக்கத்துக் கவட்டையைக் கமலவேணி பிடித்தாள்.

நால்வரும் குந்திக் கழியைத் தோளில் வாங்கினார்கள்.

பெரியதம்பி கண்ணை மூடினார். “எழுந்தருளு தாயே.”

சத்தமே இல்லை. மூக்கு எழுந்ததைக் கமலவேணி முதலில் உணரவில்லை. சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே வெளிச்சம் நுழைந்தபோதுதான் தெரிந்தது. விரல் அகலம், பிறகு உள்ளங்கை அகலம், பிறகு ஒரு சாண். கவட்டைகள் கழியை வாங்கிக்கொண்டன. கணேசமூர்த்தி தாங்கியைத் தள்ளிப் பழைய டயர்த் துண்டை அதன்மேல் வைத்தார். “வந்துடுச்சு. மெள்ள.” வேறு வார்த்தைக்காகக் காத்திராமல் நால்வரும் அதே நிதானத்தில் இறக்கினார்கள். இரும்புச் சட்டம் தாங்கியில் உட்கார்ந்தது.

“இப்போ பேசலாமா?” என்று நல்லமுத்து கிசுகிசுத்தான்.

“நீ பேசாத வரைக்கும் எல்லாம் நல்லா நடந்துச்சு” என்றார் வீரப்பன்.

தாங்கி அசைகிறதா என்று கணேசமூர்த்தி மூன்று பக்கமும் தள்ளிப் பார்த்தார். வாலை ஒரு முளையில் கட்டினார். அதற்குப் பிறகுதான் மரை கழற்றும் சாவியைக் கையில் எடுத்தார். சக்கரம் வெளியே வந்தது. பழைய புஷ் ஒரு பக்கம் காகிதம்போலத் தேய்ந்திருந்தது. புதியதை இறக்கி, கொழுப்புத் தடவி, மரையை முடுக்கி, அது கழலாமல் இருக்க ஊசிப் பின்னை மாட்டினார். நாலு பேரும் கவனமாகப் பார்த்தார்கள். கமலவேணி எல்லாருக்கும் கோப்பி ஊற்றினாள்; முதல் கோப்பையைக் காவலருக்குக் கொடுத்தாள்.

இறக்கும்போதும் ஒருவரும் “போடு” என்று சொல்லவில்லை. தாங்கியை உருவியதும், குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல மூக்கைத் தரையில் விட்டார்கள்.

திடல் துரை வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தோட்டத்து லாரியும் வாசலில் ஹாரன் அடித்தது. தாமதித்தால் கேட் பூட்டிவிடுவார்கள். நால்வரும் பாதி மனதோடு போய் ஏறிக்கொண்டார்கள். லாரியின் இயந்திரம் உறுமிய பிறகும் டிரைவர் மட்டும் வண்டியில் ஏதோ கோளாறு என்று சொல்லி இறங்கிப் பானட்டைத் திறந்தார். கோளாறு ஒன்றுமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

கணேசமூர்த்தி ஏறி ஓட்ட, விமானம் திடலின் அந்தக் கோடிவரை ஓடியது. திரும்பி, இன்னும் வேகமாக ஓடி வந்தது. துரை குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது தலையாட்டவில்லை. விமானம் நின்றதும் அவர் கணேசமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பட்டாளத்துக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்வதாகச் சொன்னார்.

கமலவேணி புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“பறந்துச்சா?” என்று லாரியிலிருந்து பெரியதம்பி கத்தினார்.

“இன்னும் இல்ல மாமா. நேரா ஓடுது. கொட்டகை நமக்குத்தான். அடுத்த வாரம் பறக்கும்.”

“அடுத்த வாரம் பாஸ் குடுக்க மாட்டானுங்களே.”

“நீங்க வர வேணாம். அவரு தோட்டத்து மேல வருவாரு.”

பெரியதம்பி வானத்தை அண்ணாந்து பார்த்தார். “கம்பி வேலிக்கு மேலேயா?”

“மேலேதான் மாமா.”

“அப்போ யாரு செக் பண்ணுவா?” என்றான் நல்லமுத்து. லாரி முழுக்கச் சிரித்தது. வாசலில் நின்ற காவலருக்குத் தமிழ் தெரியாது. என்றாலும் அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே தடுப்புக் கழியைத் தூக்கினார். மிக மெதுவாகத் தூக்கினார்.