வகுப்புக் குழுவில் வந்த வாழ்த்து

“கதவத் தெற ஷர்மினி. அம்மா மட்டுந்தான் இருக்கேன்.”

அம்மா மட்டுமா? கூடத்தில் அத்தை பாப்பா உட்கார்ந்திருந்தாள். அம்மா விமலாவின் கைப்பேசிக்குள் ஆறாம் வகுப்புப் பெற்றோர் அத்தனை பேரும் இருந்தார்கள். பூவும் கேக்கும் கைகூப்பும் வந்து குவிந்தன. சும்மா சொல்லக்கூடாது, சிலிபின் வட்டாரத்தில் வாழ்த்துவதற்கு யாரும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

காலையில் வகுப்பில் ஷர்மினி வயதுக்கு வந்துவிட்டாள். கலாதேவி டீச்சர் வீட்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டுப் பிள்ளையை வெண்பலகை ஓரம் நிறுத்தி, குங்குமம் வைத்து, படம் பிடித்து, ‘எங்கள் குட்டி மகாலட்சுமி இன்று பெரிய மனுஷி’ என்று வகுப்புக் குழுவில் போட்டுவிட்டார். வீட்டுப்பாடம் அனுப்புவதற்காகத் தொடங்கிய குழு அது.

லாரி ஓட்டும் அப்பா ரூபன் சித்தியவானில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான். அதே குழுவில் இருந்த இன்னொரு டிரைவர் வந்து கையைக் குலுக்கினான். “மச்சான், மகளுக்கு வாழ்த்துலா.” எதற்கென்று பெற்றவனுக்கே தெரியாது.

பிள்ளைகளிடம் போன் கிடையாதுதான். பெற்றோர் போன் சாயங்காலம் யார் கையில் இருக்கும்? எவனோ அந்தப் படத்தை ஸ்டிக்கராக்கி உலவவிட்டான். அதைப் பார்த்த பிறகுதான் ஷர்மினி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

“நான் இனிமே பள்ளிக்கூடம் போமாட்டேன்மா.”

“போவ வேணாம்” என்றாள் பாப்பா, கூடத்திலிருந்தே. “சடங்கு முடியட்டும். டேவான் மண்டபம் கேட்டாச்சு. முன்னெல்லாம் எஸ்டேட்ல வீடு வீடா போயி சொல்லணும். இப்ப டீச்சரே சொல்லிட்டாங்க, நமக்கு வேல மிச்சம்.”

“அண்ணி, அவ எங்கிட்டயே இன்னும் வாயத் தெறந்து சொல்லல. ஊரே வாழ்த்துது. டேவானும் வேணாம், சடங்கும் வேணாம். திங்கக்கெழம அவ பள்ளிக்கூடம் போவா.”

போனாள். விமலாவும் கூடவே போய் டீச்சரைக் கேட்டாள்.

“நல்ல விஷயந்தானேம்மா” என்றார் டீச்சர், உண்மையாகவே புரியாமல். “அதான் அழிச்சிட்டேன்லா.” அழித்தது அவருடைய போனில் மட்டும்.

தலைமையாசிரியர் நடவடிக்கை எடுத்தார். பொறுப்பான தொழில்நுட்பப் பயன்பாடு பற்றி ஒரு விளக்கக் கூட்டம். யாருக்கு? மாணவர்களுக்கு. நடத்தியவர்? கலாதேவி டீச்சர். கூட்டத்தின் பாதியில் அவர் போனைத் தூக்கினார்.

“எல்லாரும் இங்க பாருங்க, சிரிங்க.”

முன்வரிசையில் ஷர்மினி எழுந்தாள். “எங்கம்மாகிட்ட கேட்டீங்களா டீச்சர்?”

“இதுக்கெல்லாமா கேப்பாங்க? ஒக்காரு.”

உட்கார்ந்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

மாலையில் அந்தப் படமும் குழுவுக்கு வந்தது. சிரிக்கும் முகங்களுக்கு நடுவே ஓர் இரட்டைச் சடை. அன்றைக்குக் குங்குமம் வைத்த படத்தை ஏன் போட்டீர்கள் என்று ஒருவரும் டீச்சரைக் கேட்டதில்லை. இன்றைக்கு மட்டும் வரிசையாகக் கேட்டார்கள்: ‘யார் வீட்டுப் பிள்ளை இது, மரியாதை தெரியாமல்?’

விமலா கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து, லாக்கரைத் திறந்து, போனை எடுத்துப் பார்த்தாள். நின்றபடியே பதில் போட்டாள்.

‘என் மகள்.’