அப்பாவின் கேட்டும் புதுப் பாலமும்

என் கல்யாணத்தை மூன்று முறை நிறுத்தியவர் என் அப்பா அடைக்கலம். வேண்டுமென்று செய்யவில்லை. புதுக்கோட்டைக்கு வெளியே ரயில்வே கேட்டில் அவர் கேட்மேன். எங்கள் வீடு தண்டவாளத்துக்கு மேற்கே. மாப்பிள்ளை வீட்டார் யாரானாலும் கிழக்கே பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டைத் தாண்டித்தான் வர வேண்டும்.

பெண் பார்க்கப் புறப்பட்டவர்கள் வழியில் தடைபட்டால் அப்படியே திரும்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல நேரம் பார்த்து வருவார்கள். அந்த நேரத்தில்தான் ரயிலும் வரும். முதல் முறை பாசஞ்சர். இரண்டாம் முறையும் அதே பாசஞ்சர், ஒரு மணி நேரம் லேட்டாக. மூன்றாம் முறை ரயிலே இல்லாத நேரமாகப் பார்த்து அப்பா வரச் சொன்னார். அன்றைக்கென்று ஒரு கூட்ஸ் வந்து தொலைத்தது. ஸ்டேஷனிலிருந்து மணி அடித்ததும், வரவிருந்த சம்பந்தியின் மூக்குக்கு நேராகக் கேட்டைச் சாத்தினார்.

"ரெண்டு நிமிசம் பொறுத்துச் சாத்துனா என்னவாம்?" என்று ஆத்தா கத்தினாள்.

"ரயிலுக்கு நல்ல நேரம் தெரியுமா?" என்றார் அப்பா. ஆனால் அன்று அவர் சோற்றைத் தொடவில்லை. எனக்கு இருபத்து நாலு வயது, வயிறெல்லாம் கோபம். அவர் தட்டைப் பார்த்ததும் கோபம் போய் அழுகைதான் வந்தது.

பிறகு அறுபத்தொன்றாம் வருஷம் கேட்டுக்கு மேலே மேம்பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். ஊர் அது லாரிக்கு என்று நினைத்தது. எனக்கு மாப்பிள்ளை வரத்தான் சர்க்கார் கட்டுகிறது என்று நான் நினைத்தேன். ஜல்லி கொட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு தூணாக எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம்! கேட்டை ஒரேயடியாக மூடியதும் அப்பாவுக்கு ஸ்டேஷனில் வேலை என்றும் சொல்லிவிட்டார்கள்.

தார் காய்ந்ததுமே அப்பா கீரமங்கலத்தில் ஒரு புது மாப்பிள்ளை வீட்டாருக்குக் கார்டு போட்டார். "பாலம் முடிந்துவிட்டது. இனித் தடையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள்." திறப்பு விழா என்றைக்கு என்று மட்டும் அவர் யாரையும் கேட்கவில்லை. விழா திங்கட்கிழமை. சனிக்கிழமை சாயங்காலமே அதிகாரிகள் வந்து கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார்கள். பாலத்தின் கிழக்கு முனையில் சிவப்பு நாடா கட்டி, ஒரு வாட்ச்மேனையும் நிறுத்தினார்கள். வருஷம் பூராவும் ஒரே நாளில்தான் இரண்டு வழியும் அடைப்பு. அந்த நாளைத் தேடிப் பிடித்திருந்தார் என் அப்பா.

ஞாயிறு காலை மாப்பிள்ளை நாகராசுவும் அவர் ஆத்தா மூக்காயியும் நாடாவுக்கு எதிரே வந்து நின்றார்கள். அப்பா பூட்டிய கேட்டுக்கு அடியில் குனிந்து, தண்டவாளத்தைத் தாண்டி ஓடி அவர்களிடம் கெஞ்சினார்.

"கீழ பூட்டு, மேல நாடா. இதுக்கு மேல என்னங்க சகுனம் வேணும்? நாங்க வாரோம்" என்று மூக்காயி சொன்னது எங்கள் வாசல் வரை கேட்டது.

நான்காவது முறையும் அப்பா தலைகுனிந்து வீடு திரும்புவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சகுனம் பார்க்கிறவர்களுக்குச் சகுனத்தையே காட்டுவோம் என்று தோன்றியது. பித்தளைக் குடத்தை நிரம்பத் தண்ணீர் மொண்டு இடுப்பில் வைத்தேன். "அடியே, எங்கடி போற?" என்று ஆத்தா அலற, மேற்கு முனையில் பாலத்தில் ஏறினேன். அவ்வளவு பெரிய பாலத்தில் நான் ஒருத்திதான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

திரும்பப் போனவர்களில் நாகராசுதான் முதலில் பார்த்தார். "ஆத்தா, அங்கிட்டுப் பாரு."

மூக்காயி பார்த்தாள். நிறைகுடத்தோடு கன்னிப்பெண் எதிரே வருகிறாள். இதைவிட நல்ல சகுனம் எங்கள் ஜில்லாவில் கிடையாது. அந்த அம்மாளின் கை தானாகக் கும்பிட்டது.

நாடா வரை வந்து நின்றேன். குனிந்தால் தண்ணீர் சிந்தும்.

"யாரும் நாடாவைத் தொடக் கூடாது!" என்று வாட்ச்மேன் ஓடி வந்தான்.

அதற்குள் நாகராசு ஒரு கையால் நாடாவை மேலே தூக்கிப் பிடித்துவிட்டார். நான் ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்தேன்.

"தண்ணி யாருக்கும்மா?" என்றாள் மூக்காயி.

"ஒங்களுக்குத்தாங்க. வெயில்ல நிக்கிறீங்கள்ல."

அந்த அம்மாள் இரண்டு கை குடித்துவிட்டு, "நாள் பாருங்க சம்பந்தி" என்றாள்.

 அப்பா பூட்டிக் கிடந்த கேட்டுக்கு ஓடிப்போய், பச்சைக் கொடியை எடுத்து, ரயிலே வராத தண்டவாளத்தில் நின்று ஆட்டிக்கொண்டிருந்தார்.